ராயப்பருடன் 15 நாள்

உத்தமபாளையம் தாண்டி ராயப்பன்பட்டிப் பக்கம் திரும்பினால் திராட்சைப் பந்தல் தொடங்கிவிடும். பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். பந்தலைக் கடந்தால் ஊர், பனிமய மாதா கோயில். ராயப்பர் என்பது இயேசுவின் தலைமைச் சீடர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழைய பெயர்.

வரலாற்று இயேசுவைத் தேடுகிறவர்களும் இந்த ராயப்பரிடம்தான் வந்து நிற்கிறார்கள். நற்செய்திகளில் பழையது மாற்கு. அதுவே கி.பி. 70-ஐ ஒட்டி, சிலுவைச் சாவுக்குச் சுமார் 40 ஆண்டு கழித்து எழுதியது என்பது பெரும்பாலான அறிஞர்கள் கணக்கு. திருத்தூதர் பவுலின் கடிதங்கள் அதற்கும் முந்தியவை. எருசலேமில் கேபாவோடு, அதாவது நம் ராயப்பரோடு, 15 நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபையும் பார்த்தேன் என்று கலாத்தியருக்குப் போகிறபோக்கில் எழுதுகிறார் பவுல். இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டால் ஆய்வாளர்கள் முதலில் எடுத்து வைக்கும் சாட்சி இது. அந்தச் சகோதரர் உடன்பிறந்தவரா, சித்தி மகனா என்று தனிச் சண்டை உண்டு. நம்மூரில் இருவருமே தம்பிதான்.

சேவல் கூவுமுன் ராயப்பர் இயேசுவை மூன்று தரம் மறுதலித்தாரே, அதையும் ஆய்வாளர்கள் விடுவதில்லை. தலைவருக்கே தலைக்குனிவான கதையைச் சீடர்கள் கட்டிவிட்டிருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். பெரிய வெள்ளியன்று அதே பகுதியைக் கோயிலில் வாசிக்கும்போது யாரும் சாட்சி கேட்பதில்லை. தாம் எப்போது மறுதலித்தோம் என்றுதான் யோசிக்கிறார்கள்.

சாட்சி கேட்காமல் கதையை நம்புவது இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதா என்ன? ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் முடித்தார். அதற்கு ஆவணம் இருக்கிறது. சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்பதற்கு ஆவணம் இல்லை என்று ஆய்வாளர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவர் பிறந்த ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அச்சும் அரசாணையும் இருந்த காலத்திலேயே இப்படி. மாற்குவின் 40 ஆண்டில் இரண்டும் கிடையாது. என்றாலும் கதை கூடிவிட்டது என்பதற்காக அணை இல்லாமல் போய்விடாது. வயலுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இந்த ஆய்வு முறைகளெல்லாம் பாடம். படிக்கிறவர்கள் நாளைய சபைப் போதகர்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அந்த 15 நாளைச் சொல்வார்களா? பெரும்பாலும் சேவலைத்தான் சொல்வார்கள்.