யார் காசில் எழுதிய பக்கம்?

தியாகதுருகத்திலோ கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலோ ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி தேடும்போது, விவரம் கேட்க வீட்டில் ஆள் இருப்பது அரிது. முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்கு, முன்னால் படித்துவிட்டு வந்து நல்லது கெட்டது சொல்ல அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. சாலையோரத் தட்டிகள் எல்லாக் கல்லூரியையும் முதல் தரம் என்கின்றன. அதனால் கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கூகுள் பல நேரம் விக்கிப்பீடியாப் பக்கத்தைத்தான் மேலே கொண்டுவந்து காட்டுகிறது. தட்டியைச் சந்தேகிக்கத் தெரிந்த அப்பாகூட இந்தப் பக்கத்தைச் சந்தேகிப்பதில்லை. எழுதியவருக்கு அதில் ஆதாயம் எதுவும் இருக்காது என்று நினைக்கிறார். பெரும்பாலும் அவர் நினைப்பது சரிதான். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு, வாங்கியதைச் சொல்லாமல், தன்னார்வலர்களோடு தன்னார்வலராக உட்கார்ந்து எழுதுகிறவர்களும் பல ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். அவர்களால் வரும் கேட்டை அதிகம் சுமப்பவர்கள், வேறு வழியில் சரிபார்த்துக்கொள்ள வசதியில்லாத இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள்தான் என்பது என் வாதம்.

ஐ.ஐ.பி.எம். என்ற பெயரை, 2000களில் ஆங்கில நாளிதழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1973-இல் தொடங்கப்பட்டு, பிற்பாடு சென்னை உட்படப் பல நகரங்களில் கிளை பரப்பிய தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம் அது. அதன் முகமாக விளங்கிய அரிந்தம் சவுத்ரியின் படத்தோடு முழுப்பக்க விளம்பரங்கள் வரும், ஐ.ஐ.எம்.களைத் தாண்டி யோசிக்கத் துணியும்படி அவை மாணவர்களை அழைத்தன. ஆனால் பட்டம் வழங்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தது. 2013 பிப்ரவரியில், குவாலியர் நீதிமன்ற உத்தரவின்பேரில், நிறுவனத்தைக் குறைகூறிய 73 இணைய முகவரிகளைத் தொலைத்தொடர்புத் துறை முடக்கியது. மானியக் குழுவின் அறிவிப்பும் அந்த 73-இல் ஒன்று. அரசு அமைப்பு ஒன்று மாணவர்களுக்கு விடுத்த எச்சரிக்கையையே மாணவர்கள் படிக்க முடியாமல் போனது. 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ. முதலிய சொற்களை அந்த நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, அகமதாபாத் தவிர மற்ற வளாகங்களை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது.

இதே ஆண்டுகளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் வைஃபியோன் என்ற புனைபெயரில் ஒரு பயனர் ஐ.ஐ.பி.எம். பற்றிய பக்கங்களைக் கவனித்து வந்தார். 2010-இல் அவருக்கு நிர்வாகி உரிமையும் கிடைத்தது. நிர்வாகி என்றால் பக்கத்தை நீக்கலாம், பூட்டி வைக்கலாம், இன்னொரு பயனரைத் தடை செய்யலாம். குறைகூறும் செய்தி உள்ளே வரும்போது, அதன் மூலம் நம்பத்தக்கதல்ல என்று ஏதாவது விதியைக் காட்டி எடுத்துவிடுவார். பாராட்டும் செய்திக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். சக பயனர்கள் நெடுநாள் சுட்டிக்காட்டிய பிறகு, 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்து, அவர் பல ஆண்டுகளாகப் பாரபட்சத்தோடு தொகுத்தார் என்று முடிவுசெய்தது. நிர்வாகி உரிமையைப் பறித்தது. தொகுக்கவும் தடை விதித்தது. அவர் யார், யாரிடமாவது கூலி பெற்றாரா என்பவை பொதுவெளியில் நிறுவப்படவில்லை. பாரபட்சம் நிறுவப்பட்டது. கேரியர்ஸ்360 இதழைத் தொடங்கியவரும் அந்த நிறுவனத்தை எதிர்த்து எழுதி வழக்குகளைச் சந்தித்தவருமான மகேஷ்வர் பெரி, இதனால் 15,000 மாணவர்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது நியூஸ்வீக் இதழிடம் சொன்னார். அது அவருடைய கணிப்பு. எண்ணிக்கையில் ஒருவர் மாறுபடலாம். ஆனால் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பங்களுக்கு, அந்தப் பக்கம் சரியான தகவலைச் சரியான நேரத்தில் சொல்லவில்லை என்பதில் மாறுபட இடமில்லை.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு தொடர்பும் இருந்தது. 2013-இல் ஏர்செல் நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் டேட்டா கட்டணம் இல்லாமலே விக்கிப்பீடியாவைப் படிக்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம்; கிராமங்கள்வரை சிம் விற்றது. திட்டத்தின் நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் விளைவை யோசித்துப் பாருங்கள். காசுள்ளவர் நாலு தளங்களைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். ரீசார்ஜுக்குக் கணக்குப் பார்க்கிறவருக்கு இலவசமாகக் கிடைப்பது அந்த ஒரு பக்கம்தான். ஆக, அந்தப் பக்கத்தில் யாராவது கைவைத்தால், ஏழையின் கையில் இருக்கும் ஒரே சான்றில் கைவைத்ததாகிறது. ஏர்செல் இன்று இல்லை, டேட்டாவும் மலிந்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்டால் பதிலைத் திரட்டித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் விக்கிப்பீடியாவையும் படித்துப் பழகியவை. அங்கே நுழைந்த சாய்வு, மூலத்தின் பெயர்கூட இல்லாமல், ஒற்றைப் பதிலாக வாசகர் முன்னால் வந்து நிற்கக்கூடும்.

காசு என்றாலே கேடு என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் அனுபவமே சான்று. 2009-ஐ ஒட்டி, கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வளர்ப்பதற்காக, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கக் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியது. அவர்கள் எழுதியவை தமிழ் விக்கிப்பீடியாவில் வந்து குவிந்தன. அமெரிக்கப் பாடகர்கள், ஹாலிவுட் படங்கள் என்று, தமிழ் வாசகர்கள் தேடிக் கேட்காத தலைப்புகள் அவற்றில் நிறைய. நடை தட்டுத்தடுமாறியது. உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் மறுமொழி வராது. சொல்லுக்கு இவ்வளவு என்று வேலை செய்கிறவர் எதற்காக விவாதத்துக்கு வரப்போகிறார்? ஆனால் பின்னால் இருப்பது கூகுள் என்பது தெரிந்திருந்தது. அதனால் தமிழ் விக்கிப்பீடியர்கள் யாரிடம் பேச வேண்டுமோ அவர்களிடம் பேசினார்கள். தரம் சரியாகும்வரை நிறுத்தச் சொன்னார்கள். தமிழுக்குத் தேவையான தலைப்புகளைத் தாங்களே பரிந்துரைத்தார்கள். அவர்களில் ஒருவரான அ. இரவிசங்கர் 2010-இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்தத் திட்டத்தைப் பற்றிய திறனாய்வை முன்வைத்தார். உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்றோடு, சம்பளம் வாங்காத சில தமிழர்கள் நிபந்தனை பேசினார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. பாடப்புத்தகத்தில் வர வேண்டிய செய்தி என்றுகூடச் சொல்வேன். கூலி கொடுத்தவர் யார் என்று தெரிந்திருக்காவிட்டால் இது நடந்திருக்குமா? வைஃபியோன் விஷயத்தில் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமலேயே ஐந்தாறு ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது.

விக்கிப்பீடியாவின் விதியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. 2013 அக்டோபரில், காசுக்குப் பக்கம் எழுதித் தந்த விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனம் தொடர்பான விசாரணையில் 250-க்கும் மேற்பட்ட கைப்பாவைக் கணக்குகள், அதாவது ஒரே ஆளோ ஒரே கூட்டமோ பல பெயரில் நடத்தும் கணக்குகள், முடக்கப்பட்டன. அதன் பிறகு, 2014 ஜூனில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. கூலிக்கு எழுதுகிறவர் தன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எழுதவே கூடாது என்று விதி சொல்லவில்லை. இவ்வளவு எளிதான விதியைக்கூட மீறி மறைக்கிறவர்களின் நோக்கம் எதுவாக இருக்கும் என்பதை 2015 ஆகஸ்டு இறுதியில் வெளிவந்த ஆரஞ்சுமூடி விவகாரம் காட்டியது. அதில் 381 கணக்குகள் முடக்கப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. சிறு வணிகர்கள், கலைஞர்கள் ஆகியோரைப் பற்றிய வரைவுகள் நிராகரிக்கப்பட்டதும் இந்தக் கணக்குகளை இயக்கிய கூட்டம் அவர்களை அணுகி, காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்றது. ஏற்றிய பிறகு, பக்கத்தைப் பாதுகாக்க மாதந்தோறும் கட்டணம் கேட்டது. காசு கொடுத்தவர்களே கடைசியில் ஏமாந்தார்கள். இதெல்லாம் பழைய கதை என்று தள்ளவும் முடியாது. அதானி குடும்பத்தையும் அதன் நிறுவனங்களையும் பற்றிய ஒன்பது கட்டுரைகளை, பின்னர் தடைசெய்யப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட கைப்பாவைக் கணக்குகளோ கூலியை அறிவிக்காத கணக்குகளோ உருவாக்கின அல்லது திருத்தின என்று, விக்கிப்பீடியர்களே நடத்தும் சைன்போஸ்ட் இதழ் 2023 பிப்ரவரியில் எழுதியது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது இது: எழுதியவர் யாராயிருந்தால் என்ன, ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா? தனி வாக்கியத்துக்கு இது பொருந்தும், பக்கத்துக்குப் பொருந்தாது. ஒரு கல்லூரிப் பக்கத்தில் கட்டடத்தின் பரப்பளவு, நூலகம், வாங்கிய விருது எல்லாமே மேற்கோளோடு சரியாக இருக்கலாம். அங்கீகாரம் இல்லை என்ற ஒரு வரி மட்டும் இல்லாமல் போயிருக்கலாம். இருக்கிற வரியைச் சரிபார்க்க மேற்கோள் உதவும். இல்லாத வரியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அதை எடுத்தவருக்கு எதற்காக எடுக்கத் தோன்றியது என்று தெரிய வேண்டும். கூலியை அறிவிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது வாதம், புனைபெயரில் எழுதும் உரிமை. இதை நான் மதிக்கிறேன். சாதிக் கொடுமையையோ உள்ளூர்ச் செல்வாக்குள்ளவரின் ஊழலையோ சிறிய ஊரிலிருந்து எழுதுகிறவருக்குப் புனைபெயர் உயிர்க் காப்பு. ஆனால் விதி கேட்பது எழுதுகிறவரின் வீட்டு முகவரியை அல்ல. கூலி எங்கிருந்து வருகிறது என்பதை. கூலி வாங்காதவரிடம் அது எதையும் கேட்கவில்லை. வாங்குகிறவரும் வாடிக்கையாளரை அறிவித்துவிட்டுத் தன் பெயரை மறைத்துக்கொண்டே எழுதலாம். பத்திரிகையில் கட்டுரைக்கு மேல் விளம்பரம் என்று அச்சிடுவதை யாரும் கருத்துரிமைக்குத் தடை என்று சொன்னதில்லை.

தங்களைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் நிறுவனம் வாய்மூடி இருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் இருக்கிறது. அங்கே தாம் யார் என்று சொல்லி, சான்றைக் காட்டி, திருத்தும்படி கேட்கலாம். சொந்த விஷயத்தில் ஆதாயம் உள்ளவருக்கு விவரம் அதிகம் தெரியும் என்பதும் உண்மை. தாளாளரைவிடத் தாளாளரின் கல்லூரியை அறிந்தவர் யார்? அவர் விவரம் தரட்டும். எது பக்கத்தில் ஏறுவது என்ற முடிவை, ஆதாயம் இல்லாத ஒருவர் எடுக்கட்டும். இந்த வழி மெதுவானது, சில நேரம் மாதக்கணக்கில் பதில் வராது என்ற குறை நியாயமானதே. பதில் சொல்ல ஆட்கள் பெருகினால்தான் அது தீரும்.

தமிழில் நிலைமை இன்னும் மெலிந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கவனித்துக்கொள்ளும் தொடர் பங்களிப்பாளர்கள் சில நூறு பேர்தான். தியாகதுருகம் கோட்டையை 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதர் அலிக்கு விட்டுக்கொடுத்த செய்தியைத் திரித்து எழுத இன்று யாரும் கூலி தரப்போவதில்லை. ஆனால் ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு நிதி நிறுவனம், தேர்தலில் நிற்கப்போகிற ஒருவர், ஒரு கல்லூரி ஆகியவற்றின் பக்கங்கள் அப்படியல்ல. ஆங்கிலத்தில் ஆயிரம் கண்கள் இருந்தும் வைஃபியோனைப் பிடிக்க அத்தனை ஆண்டுகள் ஆயின. தமிழில் அதுபோன்ற ஒரு பக்கத்தைத் தொடர்ந்து பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான் இருக்கக்கூடும். காசு இல்லாத ஆதாயமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. கல்வராயன் மலையில் தன் குடும்பத்து ஜாகீர்தாரை உயர்த்தியும், அவருக்கு உழைத்த மலைமக்களை விட்டுவிட்டும் ஒருவர் எழுதினால், அதுவும் இதே குற்றம்தான்.

ஆகவே பள்ளி ஆசிரியர்களிடமும், கல்லூரி தேடும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாப் பக்கத்தைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். மேலே வரலாறு என்றும் உரையாடல் என்றும் இருப்பவற்றையும் திறந்து பாருங்கள். ஒரே பயனர் ஒரே நிறுவனத்தின் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தொகுத்திருந்தால், குறைகூறும் வரிகள் வந்து வந்து காணாமல் போயிருந்தால், அந்தப் பக்கத்தைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் நேராகப் பார்த்துவிடுங்கள். தவறாக நீக்கப்பட்டது கண்ணில் பட்டால் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கணக்குத் தொடங்கவோ காசு கட்டவோ வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்தே, தமிழிலேயே எழுதலாம்.