கடை வீடியோவுக்கு வெளித்திரை: வாங்குமுன் சில விடயங்கள்

நமது வியாபாரிகளில் பலர் இன்று நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் என்பவற்றோடு நின்றுவிடாமல், தமது பொருட்களை வீடியோ எடுத்து பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் டிக்டொக்கிலும் போடுகிறார்கள். கல்யாண வீடியோக்காரரைக் கூலிக்கு அழைத்த காலம் போய், கடையில் நிற்கும் பிள்ளைகளே கெமராவைத் தூக்கிவிட்டார்கள். பாவித்த கெனன், நிக்கொன், சோனி கெமரா ஒன்றை வாங்கி ஸ்டேண்டில் ஏற்றியதும் அடுத்து எழும் கேள்வி, "மேலே பூட்டுகிற அந்தச் சின்ன மொனிட்டரையும் வாங்குவோமா?" என்பதுதான். புடைவை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் சிலர் என்னிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் புடைவைக் கடையிலும் அவ்வாறான திரையொன்று பாவனையில் இருப்பதால், தெரிந்ததைச் சொல்வது நல்லதென்று நினைத்தேன்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் திரை வீடியோவின் தரத்தை அணுவளவும் கூட்டாது. கெமராவின் எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து வயர் மூலம் வரும் படத்தைப் பெரிதாகக் காட்டுவதே அதன் வேலை. பதிவு வழமைபோல் கெமராவின் மெமரி கார்டில்தான் நடக்கும். (படத்தைத் தானே பதிந்துகொள்ளும் திரைகளும் உண்டு. அவை வேறு இனம், விலையும் வேறு.) தையல்கடைக் கண்ணாடி ஷேட்டைத் தைப்பதில்லை, தைத்ததைக் காட்டுகிறது. அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் எதற்கு இந்தச் செலவு? கெமராவின் பின்புறத் திரை பெரும்பாலும் 3 அங்குலம். அந்த அளவில் எல்லாமே தெளிவாகத் தெரியும். முப்பது உடுப்புகளை எடுத்து முடித்து, இரவில் கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்கும்போதுதான் பாதிப் படம் மங்கல் என்பது தெரியவரும். மறுநாள் திரும்பவும் பொம்மைகளுக்கு உடுத்தி, திரும்பவும் லைட் வைத்து, கடைப் பையன்கள் இருவரின் அரை நாள் வீண். பெருநாள் சீசனில் அந்த அரை நாளின் பெறுமதி வியாபாரிக்குத் தெரியும்.

மலிவான திரைகளில் பெரும்பாலானவற்றில் 'பீக்கிங்' என்றொரு வசதி இருக்கும். படத்தில் கூர்மையாக விழுந்திருக்கும் விளிம்புகளை அது சிவப்பு அல்லது பச்சைக் கோட்டால் காட்டும். பொம்மையின் கழுத்து வேலைப்பாட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஓடினால் போக்கஸ் அங்கே இருக்கிறது. பின்சுவரில் ஓடினால் அங்கே போய்விட்டது. அசையாத பொம்மைக்கு ஒருமுறை கையால் போக்கஸ் வைத்தால் போதும், அந்த வரிசை முழுவதும் எடுத்துவிடலாம்.

ஆனால் கறுப்பு அபாயா விடயத்தில் கவனம் தேவை. வெறும் கறுப்புத் துணியில் விளிம்பு என்று ஒன்று இல்லை. கெமராவின் ஓட்டோ போக்கஸும் அங்கே தடுமாறும், பீக்கிங் கோடும் வராது. கல் பதித்த இடம், எம்ப்ரோய்டரி, கைப்பட்டியின் ஓரம் ஆகியவற்றில் ஒன்றைப் பிடித்துத்தான் போக்கஸ் வைக்க வேண்டும். கோடு தெரியவில்லை என்று திரையைக் குறைசொல்லக் கூடாது. வேலைப்பாடே இல்லாத துணியானால் அதே தூரத்தில் ஒரு விலைச்சீட்டைப் பிடித்துப் போக்கஸ் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்திலும் இதே கறுப்பு, வெள்ளைத் தகராறுதான். ஓட்டோவில் விடப்பட்ட கெமரா, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு அபாயா படத்தை நிறைத்து நின்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், துணி பழைய துணிபோல் சாம்பல் பூத்துத் தெரியும். வெள்ளை ஜுப்பாவானால் குறைத்துவிடும், அது அழுக்காகத் தெரியும். பையன் அதைச் சரிசெய்கிறேன் என்று அளவுக்குமேல் வெளிச்சத்தைக் கூட்டினால், ஜுப்பாவின் மடிப்பும் தையலும் அழிந்து வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடும். அப்படி அழிந்ததைப் பின்னர் எந்த எடிட்டிங்காலும் மீட்க முடியாது.

இதற்கு 'ஸீப்ரா' என்ற வசதி இருக்கிறது. வெளிச்சம் எல்லை தாண்டிய இடங்களில் வரிக்குதிரைபோல் கோடுகளைக் காட்டும். அதை 100 அல்லது 95இல் வைத்து, ஜுப்பாவின் மேல் கோடு விழாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் போதுமானது. பட்டனின் மினுக்கத்தில் சிறு கோடு தெரிந்தால் பரவாயில்லை. கறுப்புக்கு ஸீப்ரா உதவாது. சில திரைகளில் 'போல்ஸ் கலர்' என்றிருக்கும். பெரும்பாலானவற்றில் நீலமும் ஊதாவும் இருட்டையும், பச்சை நடுத்தர வெளிச்சத்தையும், சிவப்பு அளவு கடந்த வெளிச்சத்தையும் குறிக்கும். கறுப்பு அபாயாவின் மேல் பச்சை படர்ந்தால் அது கறுப்பாகப் பதியவில்லை என்று பொருள். விளையாட்டுப் பொருள்போலத் தோன்றினாலும், அபாயா விற்பவருக்கு எல்லா வசதிகளிலும் பயனுள்ளது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் சரியாகச் சொல்லும் அதே திரை, ஒரு விடயத்தில் பொய் சொல்லும். அது நிறம். மலிவான திரைகள் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே நீலம் கலந்து காட்டுபவை. ஒரே மொடலில் இரண்டை அருகருகே வைத்தால் இரண்டு நிறம் காட்டும். திரையில் மெரூன் சரியாகத் தெரிகிறது என்று நம்பி கெமராவின் செட்டிங்கை மாற்றினால், கெட்டுப்போவது பதிவாகும் படம். வாடிக்கையாளர் கையடக்கத் தொலைபேசியில் ஒரு நிறத்தைப் பார்த்து ஓர்டர் கொடுப்பார், பார்சலைப் பிரித்தால் வேறு நிறம் இருக்கும். காசைப் பொருள் கிடைத்ததும் கொடுக்கும் முறையில் விற்பவருக்கு போகும் கூரியர் கூலியும் நட்டம், திரும்பி வரும் கூலியும் நட்டம். பொருளின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல. வேண்டுமென்று மறைக்காவிட்டாலும், காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் கடையின் பெயர்தான் கெடும்.

ஆகவே நிறத்தைத் திரையில் தேடாமல், லைட்டில் சரிசெய்ய வேண்டும். கடையின் வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள் பெரும்பாலும் 6500 கெல்வின், மஞ்சள் ரகம் 3000. இதற்கிடையில் முன் கண்ணாடியால் பகல் வெளிச்சமும் வரும். மூன்றும் கலந்த இடத்தில் எந்தக் கெமராவாலும் சரியான நிறத்தைப் பிடிக்க முடியாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்து, மறைத்துவிடுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை உடுப்பு இருக்கும் இடத்தில் பிடித்து கெமராவின் வைட் பெலன்ஸை அதற்கேற்ப வைத்து, ஓட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். படம் எடுக்கும் லைட்டின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் 90க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரம் குறைந்த எல்.ஈ.டி. முதலில் காலை வாருவது சிவப்பு, மெரூன் நிறங்களில்தான். பின்னர் ஒரு சிறு துண்டை எடுத்து, துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தொலைபேசிகளில் ஓடவிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் பார்க்கப்போவது அந்தத் திரைகளில்தானே.

இனி வாங்கும் விடயம். பீல்வேர்ல்ட், நீவர் போன்ற சீன மார்க்குகளில் 100 டொலரை ஒட்டிய ரகமே ஆரம்பத்தில் நாம் பார்க்க வேண்டியது. அவுஸ்திரேலியாவின் அடோமோஸ், அமெரிக்காவின் ஸ்மோல் எச்.டி. போன்றவை அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு. டொலரை 300 ரூபா என்று போட்டாலும் 30,000 ரூபா வருகிறது. கப்பல் கூலி, வரி, விற்பவரின் இலாபம் அதன்மேல். பெட்டரியும் சார்ஜரும் பல வேளைகளில் அந்த விலையில் அடங்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மையில் ஒரு தம்பி தான் வாங்கிய திரையைக் கொண்டுவந்து காட்டினார். "நாநா, இது 4கே மொனிட்டர். பொக்ஸிலேயே போட்டிருக்கு" என்றார். "தம்பி, 4கே சிக்னல் வந்தால் ஏற்றுக்கொள்ளும் என்றுதான் போட்டிருக்கு. திரையில எத்தனை புள்ளி என்று கீழே சின்ன எழுத்தில பாருங்க" என்றேன். பார்த்தால் 1280க்கு 800. உண்மையான 4கே என்றால் 3840க்கு 2160 இருக்க வேண்டும். இந்த விலையில் அப்படியொரு திரை வராது, தேவையும் இல்லை. ஆனால் 7 அங்குலத்தில் 1280க்கு 800 வாங்குவதா, 5.5 அங்குலத்தில் 1920க்கு 1080 வாங்குவதா என்றால், போக்கஸ் பார்ப்பதற்கு நான் இரண்டாவதையே சொல்வேன். எடையும் குறைவு. வயது போய்க் கண் மங்கியவர்களுக்கு 7 அங்குலம் சுகம் என்பதையும் மறுக்கவில்லை.

வெளிச்ச அளவை 'நிட்ஸ்' என்ற எண்ணில் போட்டிருப்பார்கள். மலிவானவை 400, 500 அளவில் இருக்கும். கடைக்குள் அது தாராளம். வெளியே வெயிலில் நின்றால் முகம்தான் தெரியும், படம் தெரியாது. அதற்கு 1000 நிட்ஸும் அதற்கு மேலும் வேண்டும், அல்லது மறைப்புத் தொப்பி ஒன்றைப் பூட்ட வேண்டும்.

பெட்டரி பெரும்பாலும் சோனியின் பழைய வீடியோ கெமராக்களுக்கு வந்த என்.பி. எப். வகைதான். சிறியது எப். 550, பெரியது எப். 970. சிறியது சுமார் இரண்டு மணித்தியாலம் தாங்கும், பெரியது அதன் மூன்று மடங்கு. ஆனால் பெரியதைத் திரையோடு சேர்த்து கெமராவின் தலையில் ஏற்றினால் ஸ்டேண்ட் முன்னுக்குச் சாயும். கடைக்குள் எடுப்பவர்கள் ஏன் தலையில் ஏற்ற வேண்டும்? 2 மீற்றர் வயர் ஒன்றைப் போட்டு, திரையை மேசையில் வைத்துக்கொள்ளலாம். தனியாக நின்று பேசி எடுப்பவர் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்தால் தன்னையே பார்த்துக்கொள்ளலாம்.

வயரில் மூன்று வகை வாய்கள் உண்டு. திரையில் இருப்பது பெரும்பாலும் பெரிய வாய். கெமராவில் கெனன் 700டியைப் போல மினி இருக்கலாம், சோனி ஏ6400ஐப் போல மைக்ரோவும் இருக்கலாம். மைக்ரோ மிக மென்மையானது. வயரில் யாராவது கால் தடுக்கினால் உடைவது கெமராவின் வாய், அதைத் திருத்தும் செலவு திரையின் விலையை எட்டிப்பிடிக்கும். வயரை ஸ்டேண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள்.

எதையும் வாங்குமுன் செலவில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. கடையிலுள்ள தொலைக்காட்சியை கெமராவோடு எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்துப் பாருங்கள். படம் வருகிறதா, பதிவு பண்ணும்போதும் தொடர்ந்து வருகிறதா, கெமராவின் சொந்தத் திரை அணைந்துபோகிறதா, படத்தின் மேல் பெட்டரிக் குறி, எழுத்துகள் எல்லாம் சேர்ந்து வருகின்றனவா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய கெமராக்கள் சிலவற்றில் அந்தக் குறிகளை நீக்கவே முடியாது. சோனியில் மெனுவில் 'எச்.டி.எம்.ஐ. இன்போ டிஸ்ப்ளே' என்பதை நிறுத்தினால் போய்விடும். ஒரே இடத்தில் பொம்மையை வைத்து எடுப்பவருக்கு அந்தத் தொலைக்காட்சியே போதும் என்றும் ஆகலாம். பீக்கிங் இருக்காது, ஆனால் 32 அங்குலத்தில் மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

கையடக்கத் தொலைபேசியில் மட்டும் எடுப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2023இல் வந்த ஐபோன் 15 தொடக்கம் பின்வந்த ஐபோன்களும், சம்சுங்கின் எஸ் வரிசை போன்ற விலை கூடியவையும் டைப் சி வாயால் படத்தை வெளியே அனுப்பும். விலை குறைந்த தொலைபேசிகள் பலவற்றில் அதே வாய் இருந்தாலும் சார்ஜ் ஏறும், படம் வராது. அப்படிப்பட்டவர் அந்தப் பணத்தில் நல்ல லைட் ஒன்றும் சட்டையில் குத்தும் மைக் ஒன்றும் வாங்கலாம்.