நாட்டு வழக்கைத் தீர்த்தார். வீட்டு வழக்கில் தோற்றார்!

இங்கிலாந்து மன்னர் 2-ம் ஹென்றியின் கதை

"ரிட் மனு" என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். ஐகோர்ட்டுகளில் அன்றாடம் அடிபடும் இந்தச் சொல்லுக்குப் பூர்வீகம் இங்கிலாந்து. அரசரின் முத்திரையோடு வரும் எழுத்து மூலமான உத்தரவுக்குத்தான் அங்கே "ரிட்" என்று பெயர்.

அந்த உத்தரவைக் குடிமக்கள் கேட்டுப் பெற்று நியாயம் தேடலாம் என்ற வழக்கத்தை வேரூன்றச் செய்தவர் 2-ம் ஹென்றி. இங்கிலாந்தை 1485-ம் ஆண்டு வரை ஆண்ட பிளாண்டாஜெனெட் வம்சத்தின் முதல் மன்னர் இவரே.

21 வயதில் மகுடம்

ஹென்றி பிறந்தது 1133-ம் ஆண்டு, பிரான்சில் உள்ள லெ மான் நகரில். தாய் மெட்டில்டா, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் மகள். தந்தை ஜெப்ரி, ஆஞ்சு பகுதியின் பிரபு. அவர் தொப்பியில் மஞ்சள் பூங்கொத்து ஒன்றைச் செருகிக்கொள்வாராம். அந்தச் செடியின் லத்தீன் பெயரே வம்சத்தின் பெயராயிற்று என்பார்கள்.

மெட்டில்டாவுக்கு உரிய அரியணையை அவருடைய அத்தை மகன் ஸ்டீபன் பிடித்துக்கொண்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. வலுத்தவன் கோட்டை கட்டினான். இளைத்தவன் நிலத்தை இழந்தான். கடைசியில் ஸ்டீபனுக்குப் பின் ஹென்றியே மன்னர் என்று 1153-ல் உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டு ஸ்டீபன் இறந்தார். 1154 டிசம்பர் 19 அன்று ஹென்றி முடிசூடினார். அப்போது அவருக்கு வயது 21.

கோர்ட்டு ஊருக்கு வந்தது

அனுமதியில்லாமல் கட்டிய கோட்டைகளை ஹென்றி இடித்துத் தள்ளினார். அரசாங்க நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பினார். யார் யார் குற்றம் செய்தவர்கள் என்று அந்தந்த வட்டாரத்து 12 பேர் சத்தியம் செய்து சொல்லவேண்டும் என 1166-ல் கட்டளை பிறந்தது. ஆனாலும் குற்றவாளியா என்று அறியத் தண்ணீரில் இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை நீடித்தது.

நிலத்தைப் பறிகொடுத்தவர் என்ன செய்வார்? கட்டணம் கட்டி "ரிட்" வாங்குவார். உடனே ஷெரீப் உள்ளூர்க்காரர்கள் 12 பேரைக் கூட்டவேண்டும். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற நீண்ட வழக்கு அங்கே கிடையாது. "அனுபவத்தில் இருந்தவரை அநியாயமாக வெளியேற்றினார்களா, இல்லையா?" ஒரே கேள்விதான்! பண்ணை அடிமைகளுக்கு மட்டும் இந்த உரிமை இல்லை. ஜூரி முறைக்கும் பொதுச் சட்டத்துக்கும் இவையெல்லாம் வித்தாயின. வெள்ளையர் ஆட்சியோடு அந்தச் சட்ட மரபு இந்தியாவுக்கும் வந்தது.

நண்பரின் ரத்தம்

தாமஸ் பெக்கெட் மன்னரின் உற்ற நண்பர். 1162-ல் அவரையே கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆக்கினார் ஹென்றி. வந்தது வினை! தவறு செய்த பாதிரியாரைத் தண்டிப்பது யார், மன்னரா, திருச்சபையா என்று இருவரும் மோதினர். 1170 டிசம்பர் 29 அன்று மன்னரின் வீரர்கள் நால்வர் பெக்கெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். 1174-ல் ஹென்றி வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்து சென்று, துறவிகளிடம் கசையடி பெற்றுக்கொண்டார்.

பிள்ளைகளின் போர்

ஹென்றி தன் மூத்த மகனுக்குத் தன் காலத்திலேயே முடிசூட்டினார். ஆனால் ஆள ஓர் அடி நிலம் தரவில்லை. அதே நேரத்தில் கடைக்குட்டி ஜானுக்கு மூன்று கோட்டைகளைக் கொடுக்க முனைந்தார். கொதித்தெழுந்த மூத்த மகன் 1173-ல் போர்க்கொடி தூக்கினான். தம்பிகள் ரிச்சர்டும் ஜெப்ரியும் சேர்ந்துகொண்டனர். தாய் எலினார் பிள்ளைகள் பக்கம் நின்றார். ஹென்றி வென்றார், பிள்ளைகளை மன்னித்தார். மனைவியை மட்டும் தன் ஆயுள் முழுவதும் காவலில் வைத்தார்.

1189-ல் ரிச்சர்டு பிரான்சு மன்னரோடு சேர்ந்து மீண்டும் தந்தையை எதிர்த்தார். நோயில் விழுந்த ஹென்றி பணிந்தார். தன்னைக் கைவிட்டவர்கள் யார் யார் என்று பட்டியலைக் கேட்டார். அதில் செல்ல மகன் ஜானின் பெயரும் இருந்தது!

ஜூலை 6 அன்று, 56-வது வயதில் அவர் உயிர் பிரிந்தது. உடன் இருந்தவர், மணவினைக்கு வெளியே பிறந்த மகன் ஒருவரே. இறந்த இடம் ஷினோன். ஜானுக்குத் தருவதாகச் சொல்லி, குடும்பப் போரைத் தொடங்கிவைத்த மூன்று கோட்டைகளில் அதுவும் ஒன்று.