தேவதாஸ் பாட்டுக்கு ஐஸ் டான்ஸ்

தில்லியில் இருந்து குருகிராமின் ஆம்பியன்ஸ் மால் அதிக தூரமில்லை. ஐஸ் ஸ்கேட்டிங் தேசியப் போட்டிகள் அங்குள்ள உள்ளரங்கத் தளத்தில் நடந்திருக்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பாட்டுக்கு ஒலிம்பிக்கில் ஆடி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் ஓர் அமெரிக்க ஐஸ் டான்ஸ் ஜோடி: மெரில் டேவிஸ், சார்லி ஒயிட்.

2010 வான்கூவர். அந்த ஆண்டு ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற நடனம் என்று விதி. இவர்கள் 'தேவதாஸ்' உள்ளிட்ட இந்திப் படப் பாடல்களை எடுத்துக்கொண்டார்கள். நம் நடனம் தெரிந்த ஆசிரியரிடம் முத்திரையும் கழுத்தசைவும் கற்றார்கள். வெள்ளி கிடைத்தது. 2014 சோச்சியில் தங்கம். ஐஸ் டான்ஸில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

ஐஸ் டான்ஸ் 1976 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இதில் துணையைத் தூக்கி எறியக்கூடாது. தூக்கினாலும், தூக்குபவர் கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டித் தாங்கியபடி இருக்கக்கூடாது. பிளேடின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு, தாளம், இருவரின் நெருக்கம், இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. 'ட்விசில்' என்று ஒன்று: ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே இருவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்தத் துறையில் ஜோடி மாறுவது பெரிய இழப்பு. டேவிசும் ஒயிட்டும் 1997இல், சிறு பிள்ளைகளாக, மிச்சிகனில் சேர்ந்தவர்கள். தங்கத்துக்கு 17 ஆண்டு ஆனது. பள்ளி, கல்லூரி எல்லாம் அதற்கு நடுவேதான்.