'கான்ஸ்டன்டைன்' முதல் கந்தர்வகோட்டை வரை: பேயைவிட, 'பேய் இருக்கு' என்று சொல்பவர் ஏன் ஆபத்தானவர்?

2005-ம் ஆண்டு, இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேய்ப் படங்கள் வந்தன. பிப்ரவரியில் ஹாலிவுட்டின் 'கான்ஸ்டன்டைன்'. ஏப்ரலில் நம்ம 'சந்திரமுகி'. முதல் படத்தில் சாத்தான், தேவதூதர், நரகம் எல்லாமே நிஜம். இரண்டாவது படத்தில் பேயே கிடையாது. கங்காவின் மனசுக்குள் உருவான இன்னொரு ஆள்தான் சந்திரமுகி.

பேய் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு இரண்டு படங்களும் நேரெதிர் பதில் சொல்கின்றன. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பார்க்கலாம். 'உனக்குப் பேய் பிடிச்சிருக்கு', 'இதைச் செஞ்சா கஷ்டம் தீரும்' என்று சொல்பவர் யார்? அவர் பேச்சை நம்பினால் என்ன ஆகும்? இப்படிக் கேட்கக் காரணம், புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த ஒரு கொலை.

கந்தர்வகோட்டையில் என்ன நடந்தது?

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கு காலம். கந்தர்வகோட்டை பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருவர், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் படுகாயங்களுடன் கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை.

சில வாரங்களுக்குள் போலீஸ் கைது செய்தது சிறுமியின் அப்பாவை. "மகளைப் பலி கொடுத்தால் செல்வம் சேரும்" என்று ஒரு பெண் மந்திரவாதி சொன்னதை நம்பியே இந்தக் கொலை நடந்தது என்பது போலீஸ் தரப்பு சொன்ன காரணம். அந்த மந்திரவாதியும் கைதானார்.

இந்தச் சம்பவத்தில் யார் மீதும் பேய் இறங்கவில்லை. தலை சுற்றவில்லை, குரல் மாறவில்லை. இருந்தது பண ஆசை. அதற்கு வழி தெரியும் என்று சொன்ன ஒரு ஆள். அந்த ஆளை நம்பிய ஒரு அப்பா. அவ்வளவுதான்.

படத்தில் வில்லன் யார் தெரியுமா?

இப்போது 'கான்ஸ்டன்டைன்' கதைக்கு வருவோம். 20 வருஷப் பழைய படம் என்பதால் ஸ்பாய்லர் பரவாயில்லை. கியானு ரீவ்ஸ் நடித்த ஜான் கான்ஸ்டன்டைன், பேய் ஓட்டுபவர். கடவுளும் சாத்தானும் நேரடியாகப் பூமிக்கு வரக் கூடாது, மனிதர்களைத் தூண்ட மட்டுமே செய்யலாம் என்பது படத்தின் விதி. சாத்தானின் மகன் மாமோன் அந்த விதியை உடைத்துக்கொண்டு பூமிக்கு வரப் பார்க்கிறான்.

அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது யார்? இன்னொரு பிசாசு அல்ல. கபிரியேல் என்ற தேவதூதர். கொடுமையை அனுபவித்தால்தான் மனிதர்கள் மேன்மை அடைவார்கள், அதனால் இது அவர்கள் நன்மைக்கே என்பது கபிரியேல் சொல்லும் நியாயம்.

'மாமோன்' என்ற பெயருக்கும் ஓர் அர்த்தம் உண்டு. அது அராமிய மொழியில் செல்வத்தைக் குறிக்கும் சொல். கடவுளுக்கும் பணத்துக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்று இயேசு சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. பின்னாளில்தான் அது ஒரு பிசாசின் பெயரானது.

செல்வம் என்கிற பிசாசு, அதற்கு வழிவிடும் 'நல்லது செய்பவர்'. ஹாலிவுட் கதையில் சொன்ன இந்த ஜோடி, கந்தர்வகோட்டை வழக்கில் போலீஸ் சொன்ன காரணத்திலும் இருக்கிறது. படத்தில் அது கிராபிக்ஸ். இங்கே போனது ஒரு குழந்தையின் உயிர்.

இந்த விவாதத்துக்கு 300 வயசு!

சாமியாடி வாயில் பேசுவது பிசாசா, இல்லை மனிதரின் ஏமாற்று வேலையா? இந்தச் சண்டையில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. மாவட்டத்தில் உள்ள ஆவூரில் 1697-ல் தேவாலயம் கட்டியவர் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் பூஷே. இப்போதுள்ள பெரிய தேவாலயம் 1747-ல் வந்தது.

பூஷே காலத்து ஐரோப்பாவில் ஒரு சர்ச்சை ஓடியது. பழங்காலத்தில் குறி சொன்னவை பிசாசுகள் அல்ல, பூசாரிகளின் தந்திரம்தான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஃபொந்தனெல் 1687-ல் எழுதினார். பிசாசுகளே பேசின என்று 1707-ல் மறுப்பு எழுதினார் பால்ட்டூஸ் என்ற பாதிரியார். பூஷே இந்தியாவிலிருந்து பால்ட்டூஸுக்குக் கடிதம் எழுதி, பிசாசு பிடிப்பதும் குறி சொல்வதும் இங்கே கண்கூடாக நடக்கிறது என்று அவர் பக்கம் நின்றார்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் தேவதூதரைச் 'சம்மனசு' என்றும், பேயைப் 'பசாசு' என்றும் சொல்வது உண்டு. கான்ஸ்டன்டைன் பட உலகம் நமக்கு அப்படி ஒன்றும் அந்நியம் இல்லை.

'பேய் பிடிக்கிறது' என்றால் என்ன?

நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். 'பேய் பிடிச்சிருக்கு' என்று வீட்டில் சொல்லும் பல விஷயங்களுக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது.

தூக்கத்தில் நெஞ்சின் மீது யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல இருக்கும், கை கால் அசையாது. 'அமுக்குவான் பேய்' என்பார்கள். இது தூக்க முடக்கம். மூளை விழித்துக்கொண்டும் உடம்பு விழிக்காத சில நொடிகள், நிமிடங்கள்.

தன்னை மறந்து வேறு ஆளாகப் பேசுவது, தன் கட்டுப்பாட்டை மீறித் திரும்பத் திரும்ப நடந்து வாழ்க்கையைப் பாதித்தால் அதுவும் ஒரு நோய்நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. திருவிழாவில் சாமி வந்து ஆடுவது இதில் சேராது.

மூளையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஒருவகை மூளை அழற்சி 2007-ல் அடையாளம் காணப்பட்டது. நன்றாக இருந்த பெண் திடீரென்று கத்துவார், உளறுவார், வலிப்பு வரும். பார்க்கிறவர்களுக்குப் பேய்ப் படம் மாதிரியே இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடலாம். மந்திரவாதி வீட்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் இங்கே நஷ்டம்.

அப்போ கோயில், தர்காவுக்குப் போகவே கூடாதா?

அப்படி இல்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். நோயின் அறிகுறிகள் சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்தன. அங்கே பேய் ஓட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. அடி, மிரட்டல் இல்லாமல் அன்பாக நடத்தும் சூழலே காரணம் என்றார்கள்.

இதன் மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிறகு அதே ஏர்வாடி தர்காவில் மனநல மருத்துவர்கள் வந்து மருந்து தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. பிரார்த்தனையும் நடக்கும், மாத்திரையும் கிடைக்கும். 'சந்திரமுகி' கிளைமாக்ஸில் சைக்யாட்ரிஸ்ட்டும் சாமியாரும் ஒரே பக்கம் நிற்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

* மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017.
* மந்திரம், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.
* 'சொன்னதைச் செய்யலைன்னா தெய்வக் குத்தம் ஆகிடும்' என்று நம்பவைத்து ஒருவரைச் செயல்பட வைப்பதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 354, ஓராண்டு வரை சிறை.

நரபலி, பில்லி சூனியத்துக்கு எதிராக மகாராஷ்டிரம் 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தாபோல்கர் அந்த ஆண்டு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே அது நடந்தது. 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. வழிபாட்டை அந்தச் சட்டம் தொடவில்லை. பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, கட்டிப்போடுவது போன்றவற்றையே குற்றமாக்குகிறது. கர்நாடகத்திலும் இதுபோன்ற சட்டம் உண்டு. பகுத்தறிவு இயக்கம் வளர்ந்த தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. கொலை நடந்தால் கொலை வழக்கு. ஆனால், அதற்கு முன்னாடியே தடுக்கத்தான் அந்தத் தனிச் சட்டம் தேவைப்படுகிறது.

வீட்டில் யாராவது மந்திரவாதியிடம் போனால்?

சாமி கும்பிடுவதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். பேச்சு நின்றுவிடும். இந்த நான்கையும் மட்டும் கவனியுங்கள்:

* மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா?
* வீட்டில் யாருக்கும் சொல்லாதே என்கிறாரா?
* தொகை கூடிக்கொண்டே போகிறதா?
* அடி, சூடு, பட்டினி, பலி என்ற பேச்சு வருகிறதா?

முதல் மூன்றில் ஒன்று வந்தாலே நோயாளியை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நான்காவது வந்தால் 112-க்கு அழையுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.