காயம் பட்டால் என்ன செய்வது?

சமையலறையில் அரிவாள்மணை விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. பூங்காவில் ஓடிய குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொள்கிறது. இப்படித் தோல் கிழிந்து ஏற்படுபவை எல்லாம் திறந்த காயங்கள். ரத்தத்தைக் கண்டால் பதறுகிறோம். ரத்தம் வராவிட்டால் 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் சரியல்ல. எதனால் பட்டது, எவ்வளவு ஆழம் என்பதையும் பார்க்க வேண்டும்.

காயங்களின் வகைகள்

சிராய்ப்பு: மேல்தோல் மட்டும் உரிந்திருக்கும். எரிச்சல் அதிகம், ரத்தம் குறைவு. மண் ஒட்டியிருக்கும்.

வெட்டுக்காயம்: கத்தி, பிளேடு, கண்ணாடியால் வருவது. விளிம்பு நேராக இருக்கும். ரத்தம் நிறைய வரும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தில்லியில் காற்றாடி விடும் நாட்களில், ஸ்கூட்டரில் செல்வோரின் கழுத்தை மாஞ்சா நூல் அறுப்பதும் இவ்வகையே. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாவும் நைலான் மாஞ்சாவும் இங்கே 2017-இல் தடை செய்யப்பட்டன. ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை.

கிழிந்த காயம்: தகரம், இயந்திரம், வாகன விபத்தால் வருவது. விளிம்பு தாறுமாறாக இருக்கும். அழுக்கு உள்ளே தங்கும்.

குத்துக்காயம்: ஆணி, முள் குத்துவது. வாய் சிறிது, ஆழம் அதிகம். ரத்தம் அதிகம் வராததால் பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். ஆனால் காற்றுப் புகாத ஆழத்தில்தான் டெட்டனஸ் கிருமி வளரும். துருவினால் டெட்டனஸ் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருகிறது. எனவே மண்ணில் கிடந்த புது ஆணியும் ஆபத்தே.

முதலுதவி

1. கைகளைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள்.

2. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

3. சிறிய காயமானால், ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தண்ணீரே முதல் மருந்து. காயத்தினுள் ஸ்பிரிட் ஊற்றினால் நல்ல திசுவும் கெடும்.

4. காப்பிப்பொடி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அவற்றோடு கிருமியும் உள்ளே போகும். மருத்துவர் தையல் போடுமுன் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

5. சுத்தமான துணியால் கட்டி, தினமும் மாற்றுங்கள்.

ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், ரத்தம் பீறிடலாம். அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கடித்தால்

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். 'பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று காத்திருக்கலாகாது. நோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. எல்லாத் தவணைகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது?

அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், விளிம்புகள் விலகி வாய் பிளந்திருந்தால், விரல் மரத்துப்போனால் அல்லது மடக்க முடியாவிட்டால் உடனே செல்லுங்கள். தையல் தேவைப்பட்டால் தாமதிக்காமல் போடுவது நல்லது. பின்னர் சிவந்து வீங்கினாலும், சீழ் பிடித்தாலும், காய்ச்சல் வந்தாலும் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலியே தெரியாது. வீட்டுப் பெரியவர்களின் பாதத்தைத் தினமும் பாருங்கள். சிறு புண்ணானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டவர்களுக்கும், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு (அழுக்கான அல்லது ஆழமான காயமானால் 5 ஆண்டு) ஆகியிருந்தால் மீண்டும் ஊசி தேவை. முன்பு சரியாகப் போடாதவர்கள் ஒவ்வொரு காயத்துக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் கடைசியாக ஊசி போட்ட தேதியை எழுதி, முதலுதவிப் பெட்டியின் மூடியில் இன்றே ஒட்டி வையுங்கள்.