கழுதைக்குத் தெரிந்த கணக்கு

மன்னாரில் கழுதையைத் திட்டாதவர் குறைவு. கேத்திரகணித வரலாற்றிலோ கழுதைக்கு ஓர் இடம் உண்டு. முக்கோணியின் எந்த இரு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாம் பக்கத்தைவிடக் கூடுதலாகவே வரும் என்பதை யூக்ளிட் தன் முதலாம் புத்தகத்தின் 20ஆம் கூற்றாக வைத்து நிறுவினார். கழுதைக்கே தெரிந்ததற்கு நிறுவல் எதற்கு என்று தத்துவஞானி எபிகியூரஸ் வழிவந்தவர்கள் நக்கலடித்தார்களாம். யூக்ளிட்டுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் 5ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்தார். ஒரு மூலையில் தீனியைப் போட்டால், அடுத்த மூலையில் நிற்கும் கழுதை நேரே போகுமே தவிர மூன்றாம் மூலையைச் சுற்றாது. மன்னார் பஸ் நிலையத்தடியில் ஒரு பழத்தோலை எறிந்து பாருங்கள்.

கண்டு அறிவது வேறு, காரணம் காட்டுவது வேறு என்பது புரோக்ளசின் பதில். நம் பிள்ளைகள் காரணத்தை ரியூசனில் பாடமாக்கிவிட்டார்கள். கழுதை கண்டதை மட்டும் காணவில்லை. எனக்குக் கவலை அதுதான்.

விளக்குமாற்றிலிருந்து சில ஈர்க்குகளை உருவுங்கள். 4, 5, 8 சென்ரிமீற்றர் துண்டுகள் முக்கோணியாகக் கூடும். 3, 4, 8 என்றால் நுனிகள் எட்டாது. 3, 5, 8 என்றால் மூன்றும் ஒரே கோடாகப் படுத்துவிடும். மன்னார் நகர், பேசாலை, தலைமன்னார் மூன்றையும் படத்தில் இணைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். தீவு அத்தனை ஒடுக்கம். பேசாலையைத் தொட்டுப் போவதால் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை.

இனி நாலு தடியைச் சதுரமாகக் கட்டி அசைத்துப் பாருங்கள், சரியும். மூன்று தடி சரியாது, ஏனென்றால் மூன்று நீளங்கள் முடிவானால் கோணங்களும் முடிவாகிவிடும். படலைக்குக் குறுக்குத்தடி அடிப்பது இதற்காகத்தான். அத்திவாரம் வெட்டும் மேசனும் ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இடையே 5 அடி வருகிறதா என்று அளந்துதான் மூலையைச் சரிபார்க்கிறார். அதே கணக்கை, பைதகரசின் தேற்றம் என்ற பெயரில், சாதாரண தரப் பரீட்சைக்காக அவருடைய மகன் கொப்பியில் இருபது தடவை எழுதுகிறான். இரண்டும் ஒன்றென்று வீட்டில் யாரும் அவனுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

பாடத்திட்டம் நீளம், நேரம் இல்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். இருக்கலாம். ஆனால் ஈர்க்கு வெட்டப் பத்து நிமிடம் போதும்.

பெற்றோரே, ஒரேயொரு ஞாயிறு ரியூசனை நிறுத்துங்கள். பக்கத்தில் எங்காவது அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்றால், நூலின் ஒரு நுனியைப் பிடிக்கப் பிள்ளையை அனுப்புங்கள்.